கோத்லீப் டைம்லர்

இராயபுரந் தொடங்கி எண்ணூர்வரை கடலோரமாய்ச் செல்லும் நம் சாலை மோட்டார்த் தொழிலோடு நெடுநாள் உறவு பூண்டது. 1949-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸார் ஆஸ்டின் கார்களைப் பூட்டலாயினர். 1955-ல் தோன்றிய என்பீல்டு இந்தியா நிறுவனத்தார் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைச் செய்தனர். இத்தகைய எஞ்சின்கள் சிற்றுருவினவாயிருந்தும் பெருவலி காட்டுவது விரைந்து சுழல்வதனாலேயாம். அவ்விரைவுக்கு வழிகண்ட பெரியார் ஒருவரது சரித்திரத்தை ஈண்டுச் சிறிது கூறுவோம். தமிழ் பயில்வார்க்கு யந்திரத்தில் யாது வேலை என்று நம் விஞ்ஞான மாணவ நண்பர் நகைப்பாராயின் நகைக்க.

டைம்லர் 1834 மார்ச் 17-ல் ஜெர்மனியில் ஷோர்ண்டார்ப் என்னும் ஊரில் ரொட்டி சுடுவார் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். இளமையில் துப்பாக்கி செய்யுந் தொழிலையும், பின்னர் ஸ்டுட்கார்ட் நகரில் பொறித்தொழிற் கல்வியையும் கற்றார். ராய்ட்லிங்கனில் குஸ்தாவ் வெர்னர் என்னும் போதகர் எளியோர்க்கென நடத்திய இல்லத்தின் பட்டறையில் தலைமை ஏற்றபோது, அங்கு வளர்ந்த வில்ஹெல்ம் மைபாக் என்னும் தாய்தந்தையற்ற வாலிபரைக் கண்டெடுத்தார். அந்நட்பு இறுதிவரை அறவில்லை.

1872-ல் இருவரும் டாய்ட்ஸ் நகரத்து ஆலையை அடைந்தனர். அங்கே 1876-ல் ஓட்டோ என்பார் நான்குவீச்சு எஞ்சினை இயற்றினார். அது நிமிஷத்திற்கு இருநூறு சுற்றும் எட்டாத பெரும்பாரம். ஆலையில் நிற்கலாமேயன்றி வண்டியில் ஏறாது. ஒவ்வொரு வெடிப்பும் சிறிதாயினும் வெடிப்புக்கள் மிகின் திறன் மிகும் என்பது டைம்லரது துணிபு. ஓட்டோவோடு மனம் வேறுபட்டு, 1882-ல், நாற்பத்தெட்டாம் வயதில், உயர்பதவியை விட்டு வெளியேறினார். மைபாக்கும் உடன் சென்றார்.

கான்ஸ்டாட் ஊரில் தம் தோட்டத்துக் கண்ணாடி வீட்டையே பட்டறையாக்கி இரவும் பகலும் உழைத்தனர். கள்ள நாணயம் அடிக்கிறார்களோ என்று ஐயுற்ற தோட்டக்காரர் போலீஸாரை அழைத்துவந்தாராம். அவர்கள் கண்டது கருவிகளையும் எஞ்சின் உறுப்புக்களையுமே!

விரைவைத் தடுத்தது நெருப்பு மூட்டும் முறையே. ஓட்டோவின் எஞ்சினில் ஒரு தகடு நகர்ந்து திறந்து சுடரை உள்ளே காட்டும். விரைவு மிகின் அத்தகடு ஈடுகொடாது. டைம்லரோ, வெளிமுனை மூடிய சிறு குழாயொன்றைப் புறத்தே விளக்கினால் பழுக்கக் காய்ச்சினார். உள்ளே அழுத்தப்பட்ட வாயு அக்குழாயிற் புகுந்து தானே பற்றிக்கொள்ளும். அசையும் உறுப்பு யாதுமில்லை. 1883-ல் உரிமை பெற்ற இம்முறையால் எஞ்சின் அறுநூறு சுற்றுத் தாங்கிற்று. இன்றைய பார்முலா ஒன் பந்தயக் கார்களுக்கு 2014 முதல் விதித்த எல்லை பதினையாயிரம். அதனோடு ஒப்பிட இது சிறிதே. ஆயினும் முதற் கதவு திறந்தது இங்கேதான். சுடர் காற்றில் அணையுங் குறையும், பற்றும் நேரத்தை மாற்ற இயலாக் குறையும் இதற்கு இருந்தன; மின்பொறி வந்தபின் அவை நீங்கின.

1885-ல் மரச்சட்ட இருசக்கர வண்டியும், மறு ஆண்டில் படகும் நாற்சக்கர வண்டியும் இவ்வெஞ்சினால் ஓடின. 1890-ல் தம் பெயரால் ஏற்பட்ட கம்பெனியில் முதலாளிகளோடு பிணங்கி விலகிய டைம்லர் 1895-ல் மீண்டார். இருதய நோயால் நலிந்து 1900 மார்ச் 6-ல் காலமானார். அவ்வாண்டு இறுதியில் மைபாக் முடித்த முதல் மெர்ஸிடிஸ் காரைக் காண அவர் இல்லை.