ஒப்பந்தமே இல்லாத வீரர் அணியோடு எப்படி மோதுவார்? 1920-ல் பம்பாயை உலுக்கிய பல்வங்கர் சகோதரர்களின் கதை

2024 செப்டம்பரில் கால்பந்து வீரர் அன்வர் அலியின் பெயர் உங்கள் டைம்லைனில் கண்டிப்பாக வந்திருக்கும். மோகன் பகானோடு இருந்த ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார் என்பது புகார். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் கமிட்டி அவருக்கு 4 மாதத் தடை போட்டது. அவரும் அவர் சார்ந்த இரண்டு கிளப்புகளும் சேர்ந்து 12.9 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. சில நாட்களிலேயே விஷயம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, அவர் மறுபடி களத்தில் இறங்கினார்.

அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு பக்கமும் காட்டுவதற்குக் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் இருந்தது. உங்கள் ஆஃபர் லெட்டர் மாதிரி. நோட்டீஸ் பீரியட், பாண்ட் எல்லாம் அதில் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் அதைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் போகலாம்.

அப்படி ஒரு காகிதமே இல்லாத வீரர் என்ன செய்வார்? இதற்கு உங்கள் ஊரிலேயே, இதே மும்பையில், ஒரு பதில் இருக்கிறது. விளையாட்டு மட்டும் வேறு, கிரிக்கெட். ஆள் பல்வங்கர் பாலு. இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர்.

மாதம் 3 ரூபாய்

பாலு 1870-களின் நடுவில் தார்வாடில் பிறந்தார். குடும்பத்துக்குக் கொங்கண் கரையோர பல்வன் கிராமம் பூர்வீகம். பெயரில் உள்ள பல்வங்கர் அங்கிருந்து வந்தது. தோல் வேலை செய்யும் சமூகம், அந்தக் காலக் கணக்கில் தீண்டத்தகாதவர்கள். அப்பா ராணுவத்தில் இருந்ததால் குடும்பம் பூனாவில் வளர்ந்தது.

முதல் வேலை பூனாவில் ஒரு பார்சி கிளப்பில். ஆடுகளத்தைப் பெருக்க வேண்டும், உருளையை இழுக்க வேண்டும், உறுப்பினர்கள் கேட்டால் நாலு பந்து போட வேண்டும். மாதச் சம்பளம் 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். இன்றைய மொழியில் 33 சதவீத ஹைக் (சிரிக்காதீங்க, வேலை அதேதான்). கூடுதலாக டென்னிஸ் மைதானத்துக்குக் கோடு போடும் பொறுப்பும் சேர்ந்தது.

அந்தக் கிளப்பின் நட்சத்திர பேட்ஸ்மேன் கிரெய்க், வலைப் பயிற்சிக்கு பாலுவைத்தான் கூப்பிடுவார். தன்னை அவுட்டாக்கினால் ஒவ்வொரு முறையும் 8 அணா கொடுத்தார் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்க: 8 அணா என்றால் அரை ரூபாய். எட்டு தடவை அவுட்டாக்கினால் ஒரு மாதச் சம்பளம். கதை உண்மையோ இல்லையோ, அந்த வலையில் போட்ட பந்துகளில்தான் பாலுவின் இடதுகைச் சுழல் பழுத்தது. ஆனால் அத்தனை நாளிலும் ஒரு தடவைகூட அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. பந்து போடுவது வேலைக்காரனின் வேலை, மட்டை பிடிப்பது துரையின் பொழுதுபோக்கு.

தனிக்குவளை

பூனாவின் இந்து கிளப்புக்கு வெள்ளையர்களைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஆசை. அதற்கு பாலு வேண்டும். ஆனால் பாலுவைச் சேர்த்துக்கொள்ளத் தயக்கம். கிளப்பில் இருந்த தெலுங்கு உறுப்பினர்கள் சேர்க்கலாம் என்றார்கள், மற்றவர்கள் இழுத்தார்கள். கடைசியில் எடுத்துக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு. மைதானத்துக்குள் எல்லோரும் ஒரே பந்தைத் தொடலாம். இடைவேளையில் மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் தேநீர், பாலுவுக்கு வெளியே, உடைத்துப் போடும் மண் குவளையில். சாப்பாடும் தனியாக.

நம் ஊர் டீக்கடைகளின் இரட்டை டம்ளர் முறை பற்றி உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதேதான் இது, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது.

பாலு விக்கெட் எடுக்க எடுக்க, பந்தியில் இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. ரானடே, திலகர் போன்ற பெரிய தலைகள் பொது மேடையில் அவரைப் பாராட்டிய பிறகு ஊர் வாய் ஓரளவு அடங்கியது. 1890-களின் கடைசியில் பூனாவில் பிளேக் பரவியபோது அவர் பம்பாய் வந்து சேர்ந்தார்.

பம்பாயில் அவருக்குச் சோறு போட்டது பி.பி.அண்ட் சி.ஐ. ரயில்வே. பெயர் புதிதாக இருக்கலாம், ஆனால் அந்தத் தண்டவாளத்தில் நீங்கள் தினமும் போகிறீர்கள். இன்றைய வெஸ்டர்ன் லைன்தான் அது. தாராவிக்கு மேற்கே மாஹிம், மாட்டுங்கா ரோடு நிலையங்கள் அந்தக் கம்பெனியுடையவை. கிழக்கே சயான், மாட்டுங்கா நிலையங்கள் ஜி.ஐ.பி. ரயில்வே, இன்றைய சென்ட்ரல். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த நம் ஆட்கள் குடியேறிய சதுப்பு நிலம் இந்த இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில்தான் இருந்தது. பாலு அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர் இல்லை. ஆனால் அங்கே குடியேறிய பலரைப் போலவே, சாதி தள்ளிவைத்த ஒரு குடும்பத்திலிருந்து இந்த ஊரில் பிழைக்க வந்தவர்.

இந்து ஜிம்கானா அவரைத் தன் அணியில் சேர்த்தது. அங்கேயும் சில உறுப்பினர்கள் முகம் சுளிக்கத்தான் செய்தார்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன?

1906 பிப்ரவரியில் இந்துக்கள் அணி ஐரோப்பியர்களை 109 ரன் வித்தியாசத்தில் வென்றது. 242-ம் 160-ம் ஒரு பக்கம், 191-ம் 102-ம் மறுபக்கம். ஆளும் இனத்தை ஆளப்படுகிறவர்கள் அவர்களுடைய ஆட்டத்திலேயே சாய்த்தார்கள் என்று ஊரே பேசியது. அந்த வெற்றியில் பாலுவின் பந்துவீச்சுக்குப் பெரிய பங்கு.

1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் ஓர் இந்திய அணி இங்கிலாந்து போனது. தோல்விகள்தான் அதிகம். ஆனால் பாலு மட்டும் அந்தப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார், சராசரி 18.84. மொத்த முதல்தர வாழ்க்கையில் 33 ஆட்டம், 179 விக்கெட், சராசரி 15.21. மழையில் நனையும், மூடி வைக்காத ஆடுகளங்களின் காலம் அது. எல்லோருடைய சராசரியும் இன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டாலும் இது லேசுப்பட்ட கணக்கு இல்லை. ஊர் திரும்பியதும் ஒடுக்கப்பட்ட மக்கள் கூடி அவருக்கு வரவேற்பு கொடுத்தார்கள். இருபது வயது அம்பேத்கருக்கு அப்போது பாலு ஒரு நாயகன்.

இப்போது உங்கள் அப்ரைசல் கண்ணோட்டத்தில் யோசியுங்க. 1907 முதல் பம்பாயில் இந்து, பார்சி, ஐரோப்பிய அணிகள் மோதும் தொடர் நடந்தது. 1912-ல் முஸ்லிம் அணியும் சேர்ந்து அது குவாட்ராங்குலர் ஆனது. இந்துக்கள் அணியில் அதிகம் உழைத்தவர், மூத்தவர், வெளிநாட்டில் பெயர் வாங்கியவர் பாலு. எத்தனை தடவை கேப்டன்?

பூஜ்யம்.

கேப்டன் ஆனவர்களில் ஒருவரான எம்.டி.பை நேர்மையானவர். தனக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்திலேயே, இந்தப் பதவி மூத்த வீரரான பாலுவுக்குப் போயிருக்க வேண்டியது என்று வெளிப்படையாகச் சொன்னார். தேர்வுக் குழு அசையவில்லை.

1920: வெளிநடப்பு

இந்த நேரத்தில் உலகத்தின் மறுபக்கத்தையும் கொஞ்சம் பார்க்கணும். இங்கிலாந்துக் கால்பந்தில் வாரச் சம்பளம் 4 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விட்டால்தான் வேறு அணிக்குப் போக முடியும். இதை எதிர்த்து பில்லி மெரிடித் போன்ற மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள் 1907-ல் சங்கம் தொடங்கினார்கள். 1909-ல் சங்கத்தை விட்டு விலகு என்று உத்தரவு வந்தபோது மறுத்தார்கள். கிளப் அவர்களை இடைநீக்கம் செய்தது. தங்களுக்குத் தாங்களே ஒதுக்கப்பட்டவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு தனியாகப் பயிற்சி எடுத்தார்கள். சீசன் தொடங்கும் நேரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. சங்கம் தப்பியது, சம்பள வரம்பு மட்டும் 1961 வரை நீடித்தது.

பம்பாயில் சங்கமும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. குவாட்ராங்குலர் ஆடுபவர் தொழில்முறை வீரர் அல்ல, பேச்சளவில் கௌரவத்துக்கு ஆடுபவர். ஆனால் மைதானம் நிரம்பி வழிவது யாருக்காக என்று எல்லோருக்கும் தெரியும். இதற்குள் பாலுவின் தம்பிகள் சிவராம், விட்டல், கண்பத் மூவரும் அந்த அணிக்கு ஆடியிருந்தார்கள். நால்வரும் ஒரே வீடு. விட்டல் அருமையான பேட்ஸ்மேன்.

1920 தொடரின் முதல் ஆட்டத்துக்கு பை உடல்நலமில்லாமல் ஒதுங்கினார். கேப்டன் நாற்காலி காலி. நாற்பதைத் தாண்டிவிட்ட பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். அடுத்து விட்டலுக்குத் தருவார்கள் என்று பார்த்தால், பூனா கல்லூரியின் சம்ஸ்கிருதப் பேராசிரியர் டி.பி.தேவ்தரிடம் கொடுத்தார்கள். தேவ்தர் பெரிய ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. ரஞ்சி காலத்திலும் சாதித்தவர். இங்கே கேள்வி அவருடைய திறமை பற்றியது இல்லை.

விட்டலும் சிவராமும் ஆட மறுத்தார்கள்.

சும்மா ஒதுங்கவில்லை. காரணத்தைப் பகிரங்கக் கடிதமாக எழுதினார்கள். விட்டலின் சீனியாரிட்டி மதிக்கப்படவில்லை, அண்ணன் நீக்கப்பட்டிருக்கிறார், இதற்கெல்லாம் பின்னால் தங்களுடைய பிறப்பு இருக்கிறது, இந்த அவமானத்தோடு மைதானத்தில் இறங்க முடியாது என்பது அதன் சாரம்.

அவர்கள் எடுத்த ரிஸ்க் என்ன என்று பாருங்க. மெரிடித்தை நீக்கினால் அவர் பின்னால் ஒரு சங்கம் நிற்கும். இந்த இருவருக்கும் இந்துக்கள் அணி ஒன்றுதான் கதவு. இன, மத அடிப்படையில் பிரிந்த தொடரில் இடம் மாறிப் போக வேறு அணியே கிடையாது. அது மூடினால் மூடியதுதான். விதியில் எங்குமே எழுதப்படாத ஓர் உரிமையைக் கேட்டு அந்தக் கதவைத் தாங்களே சாத்தினார்கள்.

காலமும் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. காந்தி தீண்டாமையைப் பற்றி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த வருடம் அது. அந்த டிசம்பரில்தான் நாக்பூர் காங்கிரஸ் அதை ஒழிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஊருக்கு உபதேசம் செய்துகொண்டு உங்கள் அணியிலேயே இப்படியா என்ற கேள்வி பம்பாயில் எழுந்தது.

தேர்வுக் குழு பணிந்தது, முழுசாக இல்லை. பார்சிகளுக்கு எதிரான இறுதி ஆட்டத்துக்கு பை கேப்டனாகத் திரும்பினார். பாலு மறுபடி அழைக்கப்பட்டார், துணை கேப்டனாக. தம்பிகளும் வந்தார்கள். ஆட்டத்தின் நடுவே பை களத்தை விட்டு வெளியேறி, பொறுப்பை பாலுவிடம் விட்டார். அணியை நிறுத்தி, ஃபீல்டிங் மாற்றி, யார் எப்போது பந்து போடுவது என்று முடிவு செய்யும் இடத்தில் கொஞ்ச நேரமாவது அவர் நின்றார். அதிகாரப்பூர்வமாக அவர் பெயருக்கு நேரே கேப்டன் என்று எந்த ஸ்கோர்கார்டும் சொல்லாது.

கணக்கு தீர்ந்தது மூன்று வருடம் கழித்து. 1923-ல் விட்டல் இந்துக்கள் அணியின் கேப்டன் ஆனார். 1926 வரை நான்கு தொடர்கள், அதில் மூன்று கோப்பைகள்.

மைதானத்துக்கு வெளியே

இதோடு நிறுத்தினால் சினிமா முடிவு மாதிரி இருக்கும். ஆனால் பாலுவின் பின்வாழ்க்கை அவ்வளவு நேர்கோடு இல்லை. 1932-ல் தனித்தொகுதி விவாதம் வெடித்தபோது அவர் அம்பேத்கரோடு நிற்கவில்லை. சென்னையிலிருந்து வந்த நம் எம்.சி.ராஜாவோடு, கூட்டு வாக்காளர் தொகுதி பக்கம் நின்றார். கடைசியில் பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், ராஜா, ரெட்டமலை சீனிவாசன், பாலு நால்வர் கையெழுத்தும் இருக்கிறது. தன் பெயருக்காக வாழ்நாளில் ஒரு ஒப்பந்தமும் காணாதவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இது.

1937 பம்பாய் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் அவரை நேராக அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245, பாலு 11,225. வித்தியாசம் 2,020 ஓட்டு. தன் இளம்வயது நாயகனை அம்பேத்கர் தோற்கடித்தார். தன் மக்களுக்கு எது நல்லது என்பதில் இருவருக்கும் இருந்த கருத்து வேறுபாடு நிஜமானது. அதை பாலுவின் பலவீனம் என்று சுருக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பந்தியில் உட்கார வைத்தே பந்தியை மாற்றலாம் என்று நம்பியவர் அவர். அவருடைய அனுபவம் அதற்குப் பாதி சாட்சி சொன்னது, பாதி எதிராகச் சொன்னது.

1955 ஜூன் 1-ம் தேதி தீண்டாமைக் குற்றச் சட்டம் நாடு முழுக்க அமலுக்கு வந்தது. உணவகத்தில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தை ஒருவருக்கு மறுப்பது அன்றிலிருந்து தண்டனைக்குரிய குற்றம். அடுத்த மாதம், ஜூலையில், பாலு பம்பாயில் காலமானார்.