சாமுவேல் – ஏமி ஸ்வேமர்: பஹ்ரைன் தீவில் ஒரு குடும்பம்



நம்மில் அநேகர் பிழைப்புக்காக இந்த வளைகுடா நாடுகளுக்கு வந்தவர்கள். ஏசி இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்க நம்மால் முடிகிறதில்லை. மின்விசிறியும் ஐஸ் தண்ணீரும் இல்லாத காலத்தில் இதே கடற்கரைக்கு வந்து வாழ்ந்த ஓர் இளம் தம்பதியின் கதையை இந்த ஆண்டு விழா மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சாமுவேல் ஸ்வேமர் 1867-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். ஹாலந்திலிருந்து குடியேறிய குடும்பம். பதினைந்து பிள்ளைகளில் இவர் பதின்மூன்றாவது. இறையியல் கல்லூரியில் படிக்கும்போதே, தன் நண்பர் ஜேம்ஸ் கேண்டைனோடும் பேராசிரியர் லான்சிங்கோடும் சேர்ந்து 1889-இல் அரேபியன் மிஷனைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கப்பலேறினார். பாஸ்ராவில் சில காலம் இருந்துவிட்டு, 1892-இன் முடிவில் பஹ்ரைன் தீவுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த நாட்களில் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து ஏமி எலிசபெத் வில்க்ஸ் என்னும் நர்ஸ், ஓர் ஆங்கிலேய மிஷனரிச் சங்கத்தின் மூலமாக பாக்தாத் ஊழியத்துக்கு வந்தார். வழியில் சாமுவேலின் அறிமுகம் கிடைத்தது. இளம் பெண் ஊழியர்கள் ஆண்களோடு பழகுவதைச் சங்கம் விரும்பவில்லை. ஆனால் அரபி மொழி படித்துத்தானே ஆகவேண்டும்! சொல்லிக்கொடுக்க சாமுவேல் முன்வந்தார். பாடம் அன்பாயிற்று.

சங்கத்தில் இன்னொரு விதியும் இருந்தது. குறித்த காலத்துக்கு முன் ஊழியத்தை விட்டு விலகினால், வந்த கப்பல் செலவைத் திருப்பிக் கட்டவேண்டும். சாமுவேல் அந்தப் பணத்தைக் கட்டினார். அரபு வழக்கப்படி காசு கொடுத்துப் பெண் எடுத்தவர் என்று நண்பர்கள் அவரைக் கேலி செய்வார்களாம். பெண் வீட்டாரிடம் வரதட்சணை கேட்கும் நம் ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்! 1896 மே மாதம் பாக்தாத்தில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது 29.

பிறகு பஹ்ரைன். சாமுவேல் புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். ஏமி வியாதியுள்ள பெண்களையும் குழந்தைகளையும் கவனித்தார். 1899-இல் சில சிறுமிகளைச் சேர்த்து அவர் தொடங்கிய சிறு பள்ளிதான் இன்று அல் ராஜா பள்ளியாக நிற்கிறது. இருவரும் சேர்ந்து அரேபியாவைப் பற்றிப் பிள்ளைகளுக்காக ஒரு புத்தகம் எழுதினார்கள். அது 1902-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மனாமாவில் மேசன் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதுவே இன்றைய அமெரிக்கன் மிஷன் மருத்துவமனை.

இதற்கிடையில் சாமுவேலின் தம்பி பீட்டர், மஸ்கட்டில் ஊழியம் செய்து உடல் நலிந்து, 1898-இல் நியூயார்க்கில் மரித்தார். துக்கம் அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. ஆனால் அதைவிடப் பெரிய துக்கம் வரவிருந்தது.

1904 ஜூலை. பஹ்ரைனில் கடும் வெயில். அவர்களுடைய மகள்கள் கத்தரீனாவுக்கு ஏழு வயது, ரூத்துக்கு நான்கு வயது. இருவருக்கும் சீதபேதி கண்டது. எட்டே நாட்களுக்குள் இரண்டு பிள்ளைகளும் மரித்துப்போனார்கள்.

நான் வெளிநாட்டில் படித்து, இருபது வருடமாக நர்ஸ் வேலை செய்கிறவள். ஆகவே இந்த இடத்தை என்னால் சட்டென்று தாண்டிப்போக முடியவில்லை. சீதபேதியில் குடல் புண்ணாகி, ரத்தமும் சளியும் போகும். உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறும். சிறு பிள்ளைகளுக்குக் கண் குழிந்துவிடும், நாக்கு வறண்டுவிடும், சிறுநீர் குறையும். அன்று ஆன்டிபயாடிக் மருந்து கிடையாது. குழந்தையின் நரம்பில் சலைன் ஏற்றும் வழக்கமும் பரவவில்லை. மருத்துவமனை இருந்தது, தாய் பயிற்சி பெற்ற நர்ஸ். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை.

என் மகனுக்கு மூன்று வயதில் கடும் வயிற்றுப்போக்கு வந்தது. எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊசி போட்ட என் கை அன்று நடுங்கியது. நர்சாக இருந்தும் முன்பே கவனிக்கவில்லையே என்று என்னையே குற்றப்படுத்திக்கொண்டேன். என் கணவர் ஒரு வார்த்தையும் குறை சொல்லாமல் இரவு முழுவதும் பக்கத்தில் நின்றார். மகன் பிழைத்தான். ஏமி அம்மையாருக்கு அந்த இரக்கம் கிடைக்கவில்லை. அவருடைய மனதிலும் அந்தக் கேள்வி எழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

துக்கம் சில குடும்பங்களில் கணவனையும் மனைவியையும் பிரித்துவிடும். யாரால் வந்தது, ஏன் இந்த ஊருக்கு வந்தோம் என்ற பேச்சு தொடங்கும். ஸ்வேமர் தம்பதியோ, பிள்ளைகளைப் பஹ்ரைன் மண்ணில் அடக்கம் செய்து, கல்லறைக் கல்லில் முறையீட்டை எழுதாமல், ஆட்டுக்குட்டியானவரைத் துதிக்கும் வேத வார்த்தைகளைப் பொறித்தார்கள். அழவில்லை என்று அர்த்தமல்ல. அழுதுகொண்டே துதித்தார்கள்.

1905-இல் அமெரிக்கா திரும்பினார்கள். அங்கேயே இருந்திருக்கலாம், ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1910-இல், தங்கள் பிள்ளைகளின் கல்லறை இருந்த அதே தீவுக்கு மறுபடியும் வந்தார்கள். பின்பு 1912-இல் எகிப்தின் கெய்ரோவுக்கும், 1929-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்கும் ஊழியம் அவர்களை அழைத்துச் சென்றது. ஏமி அம்மையார் 1937-இல் மரித்தார். நாற்பது ஆண்டுக்கும் மேலான இல்லறம். சாமுவேல் 1952-இல் தம் ஓட்டத்தை முடித்தார்.

பிள்ளைகளே, ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 1971-இல் வங்காளத்து மருத்துவர் திலீப் மகலானபிஸ் அகதி முகாமில் இப்படிப்பட்ட உப்பு–சர்க்கரைக் கரைசலால் அநேகரைக் காப்பாற்றினார். வயிற்றுப்போக்கு கண்டவுடன் கொடுக்கத் தொடங்குங்கள். ரத்தம் போனால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

தம்பதியரே, நம்மில் பலர் ஒருவர் பகல் டியூட்டி, ஒருவர் இரவு டியூட்டி என்று ஓடுகிறோம். தாத்தா பாட்டி துணை இங்கே இல்லை. வியாதி நம் வீட்டுக்கும் வரும். அந்த நாளில் ஒருவரையொருவர் குற்றப்படுத்தாமல், ஒரே கட்டிலருகே நின்று, ஒரே மனதாய் ஜெபிக்கிற கிருபையைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. அவர் நாமத்துக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.