விளைவை அளந்த மகலனோபிஸ்

திருமங்கலத்துக் கண்மாய்ப் பாசன வயல்களில், அலுவலர் ஐந்து மீட்டர்ச் சதுரம் அளந்து, அதனுள் விளைந்த நெல்லை மட்டும் அறுத்து நிறுப்பதுண்டு. பயிர்க் காப்பீட்டுத் தொகைக்கும் அந்நிறுவை ஓர் அடிப்படை. அது பிழைப்பின் இழப்பு உழவர்க்கே! இம்முறை நம் நாட்டில் வேரூன்ற உழைத்தவருள் ஒருவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

1893இல் கல்கத்தாவில் பிறந்த அவர் கேம்பிரிட்ஜில் பௌதிகம் பயின்றார். தாயகம் திரும்புகையில் உடன்கொணர்ந்த புள்ளியியல் ஏடுகளில் உள்ளம் பறிகொடுத்தார். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கண்டார்.

1937இல் வங்கத்துச் சணல் பயிர்ப் பரப்பை அளக்கத் தொடங்கினார். குலுக்கல் முறையில் தெரிந்த சில நிலங்களே போதும் என்றபோது ஐயுற்றோர் பலர். 1941இல் வயல்தோறும் சென்று எடுத்த அரசுக் கணக்கு, வணிகர் கண்ட விளைவினும் மிகக் குறைந்தது. அவர் கணக்கோ அதனை ஏறக்குறைய ஒத்தது. அறுக்கும் துண்டு மிகச் சிறிதாயின் எல்லையோரப் பயிரும் உட்புகுந்து விளைவு மிகுந்து தோன்றும் என்பதையும் அவர் சோதித்தறிந்தார். 1972இல் மறைந்தார்.