ஏடு நடத்திய குரு: தனிநாயகம் அடிகளார்

எங்கள் நீர்வேலி, சங்கரபண்டிதர் போன்ற சைவப் பெரும் புலவர்கள் வாழ்ந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் சைவரும் கிறிஸ்தவரும் கண்டன நூல்களாலும் துண்டுப் பிரசுரங்களாலும் பொருதிக்கொண்டனர். அதனால் தமிழ் வசனநடை வளர்ந்தது உண்மை. மனங்கள் புண்பட்டதும் உண்மை. அதே யாழ்ப்பாணத்திலிருந்துதான், அச்சுத்தாளை வாதுக்கன்றி உறவுக்குப் பயன்படுத்திய குருவானவர் ஒருவரும் வந்தார்.

சேவியர் ஸ்தனிஸ்லாஸ் தனிநாயகம் 1913 ஆகஸ்ட் 2ஆம் நாள் கரம்பனில் பிறந்தார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார், யாழ். புனித பத்திரிசியார் கல்லூரிகளிற் கற்று, கொழும்புக் குருமடம் சென்று, பின் உரோமாபுரியிற் பயின்று 1938இல் குருப்பட்டம் பெற்றார். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்த இவருக்குத் தமிழிலக்கியம் அப்போது அந்நியமாகவே இருந்தது! தென்பாண்டி நாட்டு வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணி புரிந்த காலத்திலேயே பண்டிதர் ஒருவரிடம் முறையாகத் தமிழ் கற்கத் தொடங்கினார். 1945இல், முப்பது வயது கடந்த குருவானவர், மாணவராக அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்தார். சங்கப் பாடல்களில் இயற்கை பற்றிய அவரது ஆராய்ச்சி அங்கு உருவானதே.

1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்களேட்டைத் தொடங்கினார். தமிழுக்கு ஆங்கிலத்தில் ஏடா என்று வியக்கலாம். தமிழரிடம் தமிழின் பெருமையைப் பேசுவது எளிது. தமிழ் அறியாத உலகத்துக்குச் சான்று காட்டிச் சொல்வதே அரிது என்பதை அடிகளார் உணர்ந்திருந்தார். அவரது ஏட்டில் சைவ அறிஞரும் கிறிஸ்தவரும் எழுதினர். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து கமில் சுவெலபிலும் எழுதினார். எழுதுபவரின் சமயத்தை ஏடு கேட்கவில்லை. ஒரு வாரத்தாளை அச்சேற்றவே நாம் படும் பாட்டை எண்ணினால், பல்கலைக்கழகப் பணிக்கும் பயணங்களுக்கும் நடுவே பன்னிரண்டு தொகுதிகள் வெளிவந்தமை சிறு காரியமன்று.

ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிய பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடி அவர் எழுதிய கட்டுரைகளும் இந்த ஏட்டிலேயே வந்தன. 1679இல் அச்சான அந்தாம் தெ புறுவென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கானிற் கண்டு, 1966இல் மறுபதிப்பாக வெளியிட்டார்.

மொழிப்பற்று அவரை மௌனியாக்கவில்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது தமிழரின் மொழியுரிமைக்காக வெளிப்படையாக எழுதினார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகம் அழைத்தது. 1964 ஜனவரியில் டில்லியில் கூடிய கீழைத்தேயவியல் மகாநாட்டின்போது, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறக்க முன்னின்றார். கோலாலம்பூர், சென்னை, பாரிஸ் எனச் சென்ற மகாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்தது. இறுதிப் பொதுக்கூட்டத்தில் பொலிசார் புகுந்ததும், உயிர்கள் பலியானதும் நாம் மறக்கக்கூடியவையல்ல. அறிஞரை ஒன்றுகூட்டுவதற்கென அமைந்த விழா இழவு வீட்டில் முடிந்தது.

1980 செப்டெம்பர் 1ஆம் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். ஐந்தாவது மகாநாடு 1981 ஜனவரியில் மதுரையில் கூடியபோது அவர் இல்லை.