டீசல் என்றொரு மனிதர்

உச்சிப்புளியில் எங்க மாமா தென்னந்தோப்பில் பழைய ஆயில் என்ஜின் ஒன்று உப்புக்காத்துல துருப்பிடித்துக் கிடந்தது. எடைக்குப் போடப் போனார். ஒரு வாரம் தவணை கேட்டேன்.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டதில் இறுகிய பிஸ்டன் இளகியது. ஆனால் ஹேண்டில் சுத்திச் சுத்திக் கை ஓய்ந்ததுதான் மிச்சம், வெறும் வெள்ளைப்புகை. நாலாம் நாள் கைவிட நினைத்தபோதுதான் இந்த வகை என்ஜினைப் படைத்தவரின் கதையைப் படித்தேன்.

ரூடால்ஃப் டீசல் 1858-ல் பாரிஸில் பிறந்தவர். 1870 போரில், ஜெர்மன் குடும்பம் என்பதால் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. உதவித்தொகையில் மியூனிக் பாலிடெக்னிக்கில் படித்தார், நம்மாளு! குளிர்பதன மேதை லிண்டேயின் மாணவர். பிறகு அவருடைய ஐஸ் மெஷின் வேலையே பார்த்தார்.

நீராவி என்ஜின் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கை வீணடிப்பது அவரை உறுத்தியது. காற்றை நன்றாக அமுக்கினால் வரும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும், தீப்பொறி தேவையில்லை என்று கணக்குப் போட்டார். 1893-ல் ஆக்ஸ்பர்க்கில் நடந்த சோதனையில் அழுத்தமானி வெடித்துச் சிதறி, மயிரிழையில் தப்பினார். விட்டாரா? 1897-ல் அவருடைய 20 குதிரைசக்தி என்ஜின் வெப்பத்தில் கால்பங்கை வேலையாக்கியது.

புகழ் வந்தது, கடனும் வந்தது. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து சென்ற கப்பலிலிருந்து காணாமல் போனார்.

படித்ததும் உறைத்தது: கம்ப்ரஷன் போனால் சூடு ஏது? வால்வைக் கழற்றிப் பார்த்தேன், லீக்! கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைத்தேன். டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிச் சுற்றி, ஃபிளைவீல் வேகம் பிடித்ததும் விட்டேன். டக்... டக்... டக்! மாமா ஓடி வந்தார். எடைக்காரரைத் திருப்பி அனுப்பிட்டார்.

நண்பர்களே, ஸ்டார்ட் ஆகலேன்னா என்ஜினைத் திட்டாதீங்க. முதல்ல கம்ப்ரஷனைப் பாருங்க.