குரோமோசோம்களை எண்ணிய அம்மையார்

ஐப்பசி மழை விழுந்ததும் நம் ஆழ்வார்குறிச்சிக்கு மேற்கே மலையடிவாரப் புதர்களில் செங்காந்தள் பூத்து நிற்பதைக் காண்கிறோம். கண்வலிக்கிழங்கு என்று சொல்லிப் பாட்டிமார் நம்மைத் தொட விடாத செடி அது. அதிலுள்ள நஞ்சின் பெயர் கால்சிசின். அந்நஞ்சையே கருவியாகக் கொண்டு செடிகளை ஆராய்ந்த ஜானகி அம்மாளின் வரலாற்றை இம்மலரில் கூற விழைகிறோம்.

அவர் 1897 நவம்பர் 4-இல் தலச்சேரியில் பிறந்தார். தந்தையார் ஈ. கே. கிருஷ்ணன், சென்னை மாகாணத்தில் சப் ஜட்ஜ். உரிய வயதில் திருமணப் பேச்சு வந்தபோது ஜானகி படிப்பையே தேர்ந்தார். அந்நாளில் அது எத்தகைய முடிவு என்பதை நம் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை! ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையானார். பிறகு உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934-இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கரும்பை நாணலோடும், மக்காச்சோளத்தோடும்கூடக் கலந்து, பிறந்த செடிகளின் குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணினார். கண் வலிக்கும் வேலை. ஒன்று தவறினாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

எதற்காக எண்ணினார்? ஒரு செல் இரண்டாகும் முன் தன் குரோமோசோம்கள் அனைத்தையும் படியெடுத்துக்கொள்கிறது. பின்னர் கதிர்கோல் இழைகள் அப்படிகளை இருபுறமும் இழுத்துப் பிரிக்கின்றன. கால்சிசின் இட்டால் படியெடுப்பது நிற்பதில்லை, இழைகள்தாம் உருவாவதில்லை. ஆகவே இரு பங்கும் ஒரே செல்லில் தங்கி, எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. அத்தகைய செடிகளில் சில பெரிய இலையும் தடித்த இதழும் பெறுகின்றன.

ஆனால் அந்தப் படி எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவம் 1953-இல்தான் வெளிப்பட்டது. சுருள் பிரிய, ஒவ்வோர் இழையும் அச்சாக நின்று தனக்கு இணையான புதிய இழையை உருவாக்குகிறது. உட்கரு உள்ள செல்களில் டி.என்.ஏ. மிக நீளமானது, நம் ஒரு செல்லில் உள்ளதை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர். ஒரு முனையில் தொடங்கினால் முடிவதெப்போது? எனவே பல்லாயிரம் இடங்களில் வேலை தொடங்குகிறது, நீண்ட வயலில் பல பெண்கள் ஆங்காங்கே இறங்கி நடவு செய்வதைப் போல. ஆயினும் நட்ட இடத்தில் மறுபடி நடுவதில்லை. ஒரு முறைக்கு ஒரு படிதான். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதையெல்லாம் நாம் இன்று பாடநூலில் படிக்கிறோம். அம்மையாரோ காரணம் அறியாமலே விளைவை எண்ணிக்கொண்டிருந்தார்.

போர்க்காலத்தை இங்கிலாந்தில் கழித்தார். 1945-இல் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கை நூலை வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கால்சிசின் இட்டார். அவற்றுள் ஒரு வகை இவர் பெயரையே தாங்குகிறது. 1951-இல் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பேற்றார். 1977-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எண்பது வயதைக் கடந்தும் அமைதிப் பள்ளத்தாக்கின் காட்டைக் காக்கக் குரல் கொடுத்தார்.

சென்னையை அடுத்த மதுரவாயலில் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடமே அவருக்கு இறுதி இல்லமாயிற்று. அங்கே மூலிகைகளை வளர்த்து ஆராய்ந்தபடியே 1984 பிப்ரவரி 7-இல், தம் 86-ஆம் வயதில் மறைந்தார்.