கீத் பால்கனர் அரபி கற்ற வரலாறு

பிறமொழி ஒன்றைக் கற்பதற்குக் காரணங்கள் பல. தேர்வில் வெற்றி பெறுதற்பொருட்டுக் கற்பார் சிலர். பொருளீட்டக் கற்பார் சிலர். பழைய நூல்களின் சுவை நாடிக் கற்பார் வேறு சிலர். ஆயினும் கற்கத் தொடங்கிய நாளில் இருந்த நோக்கமே இறுதிவரை நிலைத்திருக்கும் என்று சொல்லுதற்கில்லை. கல்வி வளருந்தோறும் நோக்கமும் வளர்தல் உண்டு. இவ்வுண்மையை ஐயான் கீத் பால்கனர் என்னும் அறிஞரின் வாழ்க்கையிற் காண்கின்றோம். அதனை ஈண்டுச் சுருக்கி வரைவோம்.

இவர் 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5-ஆம் நாள், ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோ நகரில், கின்டோர் பிரபுவின் மூன்றாம் மைந்தராகப் பிறந்தார். ஹாரோ பள்ளியிற் பயின்று, 1874-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்து டிரினிடி கல்லூரியிற் சேர்ந்தார். கணிதம் கற்க வந்தவர் அதனை விடுத்து இறைநூற் கல்வியை மேற்கொண்டார். நூலறிவே துணையாக அறையினுள் அடைபட்டுக் கிடந்தவரல்லர் இவர். ஆறடிக்கு மேல் உயர்ந்த இவர், 1878-இல் சைக்கிள் பந்தயத்தில் ஜான் கீன் என்னும் பேர்பெற்ற வீரரை வென்றார். 1882-இல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருந்து ஸ்காத்லாந்தின் வடமுனை வரை, ஏறத்தாழ 1000 மைலை, 13 நாளிற் சைக்கிளிற் கடந்தார். சுருக்கெழுத்திலும் வல்லவராய், கலைக்களஞ்சியத்துக்கு அதுபற்றிக் கட்டுரை எழுதினார்.

அரபி மொழி ஐரோப்பிய மாணவர்க்குப் புதிதன்று. கேம்பிரிட்ஜில் 1632-இலும், ஆக்ஸ்போர்டில் 1636-இலும் அதற்கெனப் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. எபிரேய மொழிக்கு அரபி உடன்பிறந்த மொழியாதலின், வேதாகமத்தின் அருஞ்சொற்களை விளக்க அது உதவும் என எண்ணிக் கற்றோர் பலர். மருத்துவ, வானநூல் ஏடுகளை நாடியோரும், கீழ்நாட்டு வாணிகத்தை நாடியோரும் உண்டு. நம் மாணவரும் எபிரேயத்தில் முதன்மை பெற்று, அதன் இனமொழிகளைத் தொடர்ந்தே அரபியை அணுகினார்; 1880-இல் செமித்திய மொழித் தேர்விலும் முதல் வகுப்பிற் தேறினார். தேர்வுக்காகக் கற்பவராயின் அத்துடன் நின்றிருப்பார். இவரோ அதன்பின்னரே உண்மையிற் கற்கத் தொடங்கினார் எனலாம்.

அவ்வாண்டின் இறுதியில் ஜெர்மனி நாட்டு லைப்சிக் நகரம் சென்று அரபியை ஆழ்ந்து பயின்றார். அதுவும் போதாதென, 1881-இல் எகிப்து நாட்டில் நைல் நதிக்கரையிலுள்ள அசியூத் நகருக்குச் சென்று தங்கினார். இது ஏன்? நூலில் உள்ள அரபி வேறு. வீதியில் வழங்கும் அரபி வேறு. செந்தமிழுக்கும் ஊர்வழக்குக்கும் உள்ள வேற்றுமையை அறிந்த நமக்கு இது வியப்பன்று. தொல்காப்பியம் கற்ற பிறநாட்டறிஞர் ஒருவர் நம் சந்தையில் உப்பு வாங்கத் தடுமாறுவாரன்றோ? மக்களோடு பேசவேண்டும் என்னும் ஆவல் எழுந்தமையாலேயே இவர் மக்கள் நடுவிற் சென்றார். அவருடைய நோக்கம் ஏட்டிலிருந்து மனிதரிடம் பெயர்ந்தது இங்கேதான்.

ஆயினும் ஏட்டை அவர் இகழ்ந்தவரல்லர். 1885-இல் கலீலா திம்னா என்னும் கதைநூலைச் சீரியாக் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். நம் நாட்டுப் பஞ்சதந்திரக் கதைகளே பாரசீகத்தின் பழைய பகலவி மொழிக்கும், அதிலிருந்து அரபிக்கும், அரபியிலிருந்து சீரியாக்குக்கும் சென்றன. நாம் இளமையிற் கேட்ட சிங்கமும் எருதும் அத்துணைத் தொலைவு நடந்து அவர் கையை அடைந்தன என்பதை எண்ணி மகிழ்கின்றோம்.

1886-இல் கேம்பிரிட்ஜில் அரபிப் பேராசிரியர் பதவி அவரை நாடி வந்தது. செல்வமும் புகழும் உடைய முப்பது வயதினர் அங்கேயே அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ மக்கா யாத்திரையைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றிவிட்டு, அவ்வாண்டின் இறுதியில் மனைவியாருடன் ஏடனுக்குப் புறப்பட்டார். இன்று ஏமன் நாட்டைச் சேர்ந்த அத்துறைமுகம் அன்று ஆங்கிலேயர் வசமிருந்தது. அதற்குச் சில மைல் உள்ளே, ஒட்டக வணிகர் செல்லும் வழியிலுள்ள ஷேக் ஒத்மான் என்னும் ஊரைத் தம் ஊழியத்துக்குத் தெரிந்துகொண்டார். தம் செலவைத் தாமே ஏற்றார். மருத்துவர் ஒருவர் துணைநின்றார். நோயாளிகளைத் தேற்றவும், நற்செய்தி கூறவும் அரபியே அவருக்குக் கருவியாயிற்று. ஆனால் தகுந்த இல்லம் கட்டி முடியுமுன்னரே காய்ச்சல் பற்றியது. மீண்டும் மீண்டும் வந்த அந்நோயால் 1887-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் உயிர் நீத்தார்; ஏடனிலேயே அடக்கம் பெற்றார்.

பல ஆண்டு முயன்று கற்ற மொழியை அதற்குரிய மக்களிடையே சில திங்களே பயன்படுத்தினார். அவ்வளவு கல்வியும் வீணாயிற்றோ என நம் உள்ளம் வினவுகின்றது. அவர் தொடங்கிய மிஷன் அவருக்குப்பின் பல்லாண்டு நிலைத்தது; ஷேக் ஒத்மான் மருத்துவமனையில் நோய் நீங்கினோர் பலர். எனினும் இதனால் மட்டும் அவ்வினாவுக்கு விடை கூற நாம் விரும்பவில்லை. அரபியை நன்கு கற்றதாலன்றோ அம்மக்களை நேசிக்க அவர் கற்றார்? அந்நேசத்தை அவருக்கு அளித்த கல்வி வீணானது எவ்வாறு?

தேர்வு நெருங்கும் நாட்களில் எத்துணைப் பக்கம் எஞ்சியுள்ளது என்றே கணக்கிடும் இயல்புடையோம் நாம். நாம் கற்பது யாரிடம் நம்மைக் கொண்டு சேர்க்கும் என்னும் கணக்கையும் இடையிடையே பார்த்துக்கொள்வோமாயின், இவ்வறிஞர் வரலாற்றைப் படித்த பயனைப் பெற்றவராவோம்.